சிலந்திக்குத் தலை கீழே

என் படத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள். நடந்தது அவ்வளவுதான்.

இப்போது ஜன்னல் வழியாகக் கை நீட்டிக் காட்டினீர்களே, பூங்கா வாசலில், டைல்ஸில் அச்சடித்துச் சுவரில் பதித்திருக்கிற பெரிய சிலந்தி, அது இல்லை. அது சரியாக இருக்கிறது. "தலைகீழா ஒட்டிட்டானுங்க பாருங்க சார்" என்று சிரித்தீர்கள். இந்தப் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள் எல்லோரும் அந்த இடம் வந்தால் அதைத்தான் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்கள்.

சிலந்திக்குத் தலை கீழே, சார். வலைக்கு நடுவில், எட்டுக் காலையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறி போட்டதுபோல ஒன்று உட்கார்ந்திருக்கும். பார்த்திருப்பீர்கள். இல்லை, பார்த்திருக்க மாட்டீர்கள். அது உட்காரும்போது தலை தரையைப் பார்க்கும். வயிறு மேலே இருக்கும். பூச்சி வந்து விழுந்தால் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். ஏறி ஓடுவது சுலபமா, இறங்கி ஓடுவது சுலபமா? அதற்குத் தெரிந்தது உங்களுக்குத் தெரியவில்லை.

மடியில் இருப்பது கேமராப் பைதானே? பூச்சி எடுக்கத்தான் சிறுமலைக்குப் போகிறீர்கள். சட்டையே சொல்கிறது. உடம்பு முழுக்க இலை அச்சடித்த சட்டை. பூச்சிக்கு உங்கள் சட்டை தெரியாது, நடை தெரியும். நீங்கள் ஏறும்போது பார்த்தேன், பஸ் படிக்கட்டு அதிர்ந்தது. உங்களுக்கு இன்றைக்கு ஒன்றும் கிடைக்காது. போய்விட்டு வாருங்கள், மலைவாழைப்பழமாவது கிடைக்கும்.

அந்தப் படம் நான் எடுத்தது. ஆமாம், நான்தான். கை கொடுக்க வேண்டாம், வளைவு வருகிறது, கம்பியைப் பிடியுங்கள்.

போன தை மாதம் எங்கள் ஒளிப்படச் சங்கத்தில் கண்காட்சி வைத்தார்கள். சங்கம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். பாதிப்பேர் கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குச் சந்தனம் பூசுவதை எடுக்கிறவர்கள். மீதிப்பேர் மயில் எடுக்கிறவர்கள். மயிலை எடுக்க ஒரு ஆள் எதற்கு? அது தானே வந்து நிற்கும், தோகையை விரிக்கும், முடிந்தால் கேமராப் பொத்தானையும் அதுவே அமுக்கிவிடும். மண்ணில் குப்புறப் படுத்து, மூச்சைப் பிடித்து, அரிசி அளவு இருக்கிறதன் கண்ணைத் தேடி எடுக்கிறவன் சங்கத்தில் நான் ஒருவன்தான். முன்பு இரண்டு பேர் இருந்தோம். அதை விடுங்கள்.

செயலாளர் கார்மேகம். ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனுஷன் என்பார்கள். எல்லோரையும் பார்த்துச் சிரித்தால் ஊரில் நல்ல மனுஷன். ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் மேல்பக்கம் எது என்று அம்புக்குறி போட்டுக் கொடுங்கள் என்று அவர்தான் எல்லோருக்கும் சொல்லி அனுப்பியிருந்தார். எல்லோரும் போட்டுக் கொடுத்தார்கள். மயில் படத்துக்கு அம்புக்குறி! நான் போடவில்லை. எதற்குப் போட வேண்டும்? ஆட்டுக்குக் கொம்பு எந்தப் பக்கம் என்று எழுதியா கழுத்தில் தொங்கவிடுகிறார்கள்? சட்டம் போட்டுக் கொடுத்தேன். மாட்டுகிற கம்பியை அவர்கள் கட்டிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

கட்டினார்கள். தலை மேலே வருகிறமாதிரி கட்டினார்கள்.

முதல் நாள் காலையில் மண்டபத்துக்குள் போகிறேன். நடுச்சுவரில் என் படம். சிலந்தி வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. கார்மேகம் ஓடி வருகிறார்.

"வாங்கண்ணே! நடு இடம் உங்களுக்குத்தான். லைட்டு எப்படி அடிக்குது பாருங்க. தலைப்பு நீங்க தரல, அதனால நானே வெச்சுட்டேன்."

கீழே அட்டையில் எழுதியிருந்தது: 'ஏறுமுகம்'.

"எப்படிண்ணே?"

"ம்" என்றேன்.

"ஒரு சொல்லுதான். ஆனா பாருங்க, அதுக்குள்ள ஒரு வாழ்க்கையே இருக்கு."

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்கப்போகிறீர்கள். எல்லோரும் கேட்கிறார்கள். நான் எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைகடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதிக்கிற வேலை. தராசு தப்பு என்று தெரிந்தால் வாசலில் நின்று கூவுவோமா? உள்ளே போய், சாதாரண ஆள் மாதிரி, ஒரு கிலோ துவரம்பருப்பு போடு என்போம். அவன் போடுகிற வரைக்கும் போடவிட்டுப் பார்ப்போம். அதுதான் முறை. இவர்களையும் போடவிட்டுப் பார்த்தேன். ஒரு வாரக் கண்காட்சி. இத்தனை பேரில் கண் இருக்கிறவன் ஒருவனாவது வருகிறானா பார்ப்போம் என்று படத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சிலந்தி எப்படி உட்காரும் என்று தெரியாது, சரி. அதை மன்னித்துவிடலாம். ஆனால் அந்தப் படத்தில் வலை முழுக்கப் பனித்துளி. நிஜப் பனி. இப்போது நிறையப் பேர் பூவாளியில் தண்ணீர் தெளித்துவிட்டுப் பனி என்கிறார்கள், அது இல்லை. ஒவ்வொரு இழையிலும் துளி தொங்கும். அடியில் ஒரு பெரிய துளி, விழப்போகிற துளி, நீண்டு, கூராக. படத்தைத் திருப்பிப் போட்டால் என்ன ஆகும்? துளியெல்லாம் இழைக்கு மேலே நிற்கும். அந்தப் பெரிய துளி ஆகாயத்தைப் பார்த்து நட்டுக்கொண்டு நிற்கும். தண்ணீர் எங்கேயாவது நிற்குமா? இதற்குச் சிலந்தி தெரிய வேண்டியதில்லை. வீட்டுக் குழாயைப் பார்த்திருந்தால் போதும்.

ஒருவர் வந்தார். பார்த்தார். "சூப்பர் சார்" என்றார். போய்விட்டார். ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தார்கள். அந்தம்மா, "இதை வீட்ல மாட்டுனா ஒட்டடைன்னு நெனச்சு உங்கம்மா தொடப்பத்தைத் தூக்கிட்டு வந்துரும்" என்றாள். அதுவாவது பரவாயில்லை. படத்தைப் படமாகப் பார்த்துச் சொன்னது அந்த ஒரு பேச்சுதான். ஒரு வாத்தியாரம்மா பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து, "பாத்தீங்களா, சிலந்தி எவ்ளோ கஷ்டப்பட்டு மேல ஏறுது? நீங்களும் அதுமாதிரி ஏறணும்" என்றாள். பிள்ளைகள் "ஏறணும் மிஸ்" என்றன. அது ஏறவில்லை, அம்மா. சும்மா உட்கார்ந்திருக்கிறது. சாப்பாட்டுக்குக் காத்திருக்கிறது.

நடுவராக வந்தவர் பேராசிரியர் மகுடபதி. விலங்கியல். கவனியுங்கள், விலங்கியல். வேலை பார்த்த காலமெல்லாம் தவளையை மல்லாத்தி அறுத்தவர். மல்லாத்தியே பார்த்துப் பழகினால் எது மேல், எது கீழ் என்று எப்படித் தெரியும்? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் படத்தின் முன்னால் நின்றார். பத்து பேர் அவரைச் சுற்றி நின்றார்கள். அந்தப் பெரிய துளியைக் காட்டினார்.

"இதைக் கவனிக்கணும். பனித்துளி ஒரு தீபச் சுடர் மாதிரி மேல எழும்புது. இருட்டுப் பின்னணி. நடுவுல ஒரு சின்ன உயிர், ஒளியைப் பாத்து ஏறுது. இதுல ஒரு ஆன்மிகம் இருக்கு."

"ஆகா" என்றார் கார்மேகம்.

"நீங்க என்ன நெனச்சு எடுத்தீங்க?" என்று என்னைக் கேட்டார் பேராசிரியர்.

"சிலந்தின்னு நெனச்சு எடுத்தேன்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். பெரிய ஆள்கள் அப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள் என்று பேராசிரியர் அதற்கும் ஒரு விளக்கம் கொடுத்தார். முதல் பரிசு எனக்கு.

அதோடு போயிருந்தால் கழுதை போகட்டும். அன்றைக்குச் சாயங்காலம் கார்மேகம் மைக்கைப் பிடித்தார். மலையடிவாரத்தில் புதிதாகப் பூங்கா கட்டுகிறார்கள், அதன் வாசல் சுவரில் முதல் பரிசுப் படத்தை ஆள் உயரத்துக்கு மேல் பெரிதாக்கி டைல்ஸில் பதிக்கப்போகிறோம், கடைசி நாள் டைல்ஸ் கம்பெனிக்காரர் வந்து படத்தை எடுத்துக்கொண்டு போவார், சுட்டுப் பதித்துவிட்டால் இந்த ஊர் இருக்கிறவரை அது இருக்கும் என்றார். கை தட்டினார்கள்.

இந்த ஊர் இருக்கிறவரை. புரிகிறதா உங்களுக்கு? மலைக்குப் போகிற வருகிற பஸ்ஸெல்லாம் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் செத்த பிறகும் அங்கே ஒரு சிலந்தி தப்பாக உட்கார்ந்திருக்கும். அதன் கீழே என் பெயர் இருக்கும். எனக்குச் சிலந்தி எப்படி உட்காரும் என்றே தெரியாது என்று நாளைக்கு எவனாவது விவரம் தெரிந்தவன் சொல்வான். கேமராவில் இருக்கிற மூலத்தை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. கொடுத்தால் நாளைக்குச் சோப்பு டப்பாவில் வரும். மாட்டியிருக்கிற படம் ஒன்றுதான் அவர்களிடம் இருந்தது. அது எப்படிப் போகிறதோ அப்படித்தான் சுவரில் ஏறும்.

ஆனாலும் சொல்லவில்லை. பரிசு வாங்கிய பிறகு போய், "ஐயா, நீங்கள் பார்த்துப் பாராட்டியது தப்பு" என்று சொல்ல நான் என்ன அவர்களுக்குப் பாடம் நடத்தவா பிறந்தேன்? கண் இருந்தால் பார்க்கட்டும். இல்லாவிட்டால் நாசமாகப் போகட்டும்.

ராத்திரி தட்டில் சோறு அப்படியே இருந்தது. என் மனைவி சவுந்தரம் எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பகலில் அவளும் மண்டபத்துக்கு வந்திருந்தாள். படத்தைப் பார்த்து "நல்லாருக்கு" என்றவள் அவள். எத்தனை வருஷமாக நான் எடுப்பதைப் பார்க்கிறாள், அவளுக்கும் தெரியவில்லை.

"படத்துல என்னமோ கோளாறு" என்றாள்.

"உனக்கு என்ன தெரியும்?"

"சிலந்தி எப்படி உக்காரும்னு எனக்குத் தெரியாது. உங்க மூஞ்சி எப்படி உக்காரும்னு தெரியும். என்ன, மாத்தி மாட்டிட்டாங்களா?"

சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினேன்.

"ஊர்ல இருக்கற படிக்கல்லுக்கெல்லாம் முத்திரை குத்துனீங்க. சொந்தப் படத்துக்குப் பின்னாடி ஒரு கோடு இழுக்க முடியல. சரி, இப்பயாச்சும் போய்ச் சொல்லுங்க. ஒரு வார்த்தை சொன்னா வாயில இருந்து முத்தா உதுந்துரும்?"

"சொல்ல மாட்டேன்."

"வாத்தியார் அண்ணன் ஒருத்தர் பாத்திருந்தா போதும். ஒரு நொடில சொல்லிருப்பாரு."

"அவன் பேச்சு இந்த வீட்டில் எதற்கு?" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

இந்தப் பொம்பளைகளே இப்படித்தான். எங்கேயோ தொடங்கி எங்கேயோ கொண்டுவந்து முடிப்பார்கள்.

யார் அவன் என்றுதானே பார்க்கிறீர்கள்? ஃபிரிட்ஜ்காரன். ஓவிய வாத்தியாராக இருந்தவன். இரண்டு பேர் இருந்தோம் என்றேனே, அந்த இன்னொருவன். பல வருஷம் சேர்ந்து இந்தப் பஸ்ஸில்தான் வருவோம், ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டி. வலையை எடுக்க இரண்டு ஆள் வேண்டும், சார். உங்களுக்கு அது தெரியாது, தனியாக வந்திருக்கிறீர்கள். வலைக்குப் பின்னால் செடியும் கொடியும் வெளிச்சமும் கண்டபடி இருக்கும், இழை தெரியாது. பின்னால் கறுப்பாக ஏதாவது பிடித்தால்தான் இழை வெள்ளையாக எழும்பி வரும். அவன் பின்னால் போய்க் கறுப்புக் குடையைப் பிடிப்பான். நான் முன்னால் படுத்து எடுப்பேன்.

அந்தப் படமும் அப்படி எடுத்ததுதான். ஐப்பசி மழை ஓய்ந்து பனி இறங்கிய காலை. உண்ணிச்செடிப் புதரில் வலை. புதருக்குப் பின்னால் முள்ளுக்குள் முட்டி போட்டு உட்கார்ந்து அவன் குடையைப் பிடித்தான். நான் கண்ணை வைத்துக் கூர்மை பார்க்கிறேன், காற்று நிற்கட்டும் என்று காத்திருக்கிறேன். அவன் கையில் முசுறு எறும்பு ஏறிவிட்டது. செவ்வெறும்பு, கடித்தால் உயிர் போகும். ஒன்று இல்லை, ஒரு கூடே ஏறியது. லென்ஸ் வழியாக ஓரத்தில் எனக்குத் தெரிந்தது. அவன் அசையவில்லை. மூச்சு விட்டால்கூடச் செடி ஆடும், துளி உதிர்ந்துவிடும். நான் எடுத்து முடிக்கிறவரை அப்படியே இருந்தான். அசைந்திருந்தால் கொன்றிருப்பேன். பிறகு பார்த்தால் முழங்கைவரை வீங்கியிருந்தது. "துளி உதுந்துச்சா?" என்றான். "இல்லை" என்றேன். "அப்பச் சரி" என்றான்.

அதற்காக அந்தப் படத்தில் அவனுக்குப் பங்கு என்று சவுந்தரம் சொல்வாள். என்ன பங்கு? குடையைப் பிடித்தான். குடை பிடிக்க ஒரு கம்பு போதும்.

பஸ் ஏன் நிற்கிறது? மேலே இருந்து வாழைத்தார் லாரி இறங்குகிறது. நிற்கட்டும்.

அப்படி இருந்தவன் என்ன செய்தான் தெரியுமா? தாவும் சிலந்தி ஒன்று, சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும், எட்டுக் கண்ணும் உங்களையே பார்க்கும், அதை எடுத்து வெளியூர்ப் போட்டி ஒன்றுக்கு அனுப்பினான். முதல் பரிசு கிடைத்தது. சங்கத்தில் பாராட்டுக் கூட்டம். படத்தைத் திரையில் பெரிதாகப் போட்டார்கள். நான் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறேன். சிலந்தியின் மயிர்க்கால் முழுக்க மிகச் சன்னமாக நீர்ப்பொடி. பனி இல்லை. சோடாப் பாட்டிலை வெளியே எடுத்து வைத்தால் வியர்க்குமே, அந்த வியர்வை. கால்களை உடம்போடு ஒடுக்கி வைத்திருக்கிறது. குளிரில் விறைத்து இருக்கிறது. பூச்சியை டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, அது மரத்துப்போன பிறகு இலைமேல் வைத்து எடுக்கிற கூட்டம் ஒன்று உண்டு. ஓடாது, தாவாது. பிணத்துக்குப் பொட்டு வைத்துப் படம் எடுப்பதுமாதிரி.

எழுந்து நின்றேன். மைக்கை வாங்கினேன். அவன் கழுத்தில் மாலை இருந்தது. பக்கத்தில் அவன் மகள், மருமகன், சம்பந்தி வீட்டார் எல்லோரும் இருந்தார்கள். "இது காட்டில் எடுத்த படம் இல்லை. ஃபிரிட்ஜில் எடுத்த படம். அவனையே கேளுங்கள்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான்.

"ஆமா" என்றான். "கொஞ்ச நேரம் வெச்சேன். கண்ணுல புரை, கை நடுங்குது. ஓடுறதைப் பிடிக்க முடியல. எடுத்துட்டுத் திரும்பக் கொண்டுபோய் அதே செடில விட்டுட்டேன். நடந்துதான் போச்சு."

மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தான். பரிசையும் வைத்தான். போய்விட்டான். சங்கத்துக்கு அதற்கப்புறம் வரவில்லை. என்னிடமும் பேசவில்லை. நான் என்ன தப்பாகச் சொன்னேன்? கண்டதைச் சொன்னேன். "வீட்டுக்குப் போய்த் தனியாச் சொல்லியிருக்கலாம்ல? அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே போச்சு" என்று சவுந்தரம் இன்றுவரை சொல்கிறாள். தப்புத் தராசைத் தனியாகவா பிடிப்பார்கள்? நாலு பேர் முன்னால் பிடித்தால்தான் அடுத்தவனுக்குப் பயம் வரும்.

நான் அதற்கப்புறம் வலை எடுப்பதில்லை. இலைமேல் இருப்பதை மட்டும் எடுக்கிறேன். வலையில் என்ன இருக்கிறது.

கண்காட்சியின் கடைசி நாள் வந்தது. யாரும் கண்டுபிடிக்கவில்லை. அன்று காலையில் நான் குளித்துவிட்டு வருகிறேன், சவுந்தரம் மொட்டைமாடியில் நின்று ஃபோனில் யாரிடமோ குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தாள். "ஆமாண்ணே, இன்னிக்கேதான்" என்று காதில் விழுந்தது. என்னைப் பார்த்ததும் வைத்துவிட்டாள். யார் என்றேன். கீரைக்காரர் என்றாள். கீரைக்கு எதற்கு மாடி? கேட்கவில்லை. எனக்கு இருந்த எரிச்சலில் கீரையையா விசாரிக்க முடியும்?

மண்டபத்தில் மத்தியானம் பிரியாணி போட்டார்கள். எல்லோரும் பின்கட்டில் சாப்பிடப் போய்விட்டார்கள். சாப்பிட்டு வந்ததும் விழா, மைக் எல்லாம் கட்டித் தயாராக இருந்தது. டைல்ஸ் கம்பெனிக்காரரும் பந்தியில் உட்கார்ந்திருந்தார். நான் போகவில்லை. அவர்கள் பிரியாணி எனக்கு எதற்கு? நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மண்டபத்தில் வேறு யாருமில்லை.

வாசலில் செருப்புச் சத்தம். அவன்.

இளைத்திருந்தான். என்னைப் பார்க்கவில்லை. நேராகப் படத்தின் முன்னால் வந்து நின்றான். ஒரு பார்வைதான். கீழே இருந்த அட்டையைப் படித்தான். 'ஏறுமுகம்.' தோள் குலுங்கியது. சிரிக்கிறான்.

"நீ எதுக்கு வந்த?" என்றேன்.

"பாக்க வந்தேன். ஏன், டிக்கெட் வாங்கணுமா?"

"பாத்தாச்சுல்ல?"

"பாத்தாச்சு. ஒரு வாரமா இது இப்படியே தொங்குது, நீ பக்கத்துல காவல் உக்காந்திருக்க. ஏன்டா சடையா, உனக்கு வாய் இல்லையா?"

"கண்ணு இருக்கறவன் எவனாவது வருவான்னு பாத்தேன்."

"பின்னாடி அம்புக்குறி போட்டியா?"

"கண்ணு இருக்கறவனுக்கு எதுக்கு அம்புக்குறி?"

"கண்ணு இல்லாதவன்தானேடா கம்பி கட்றான்" என்றான்.

பதில் சொல்லுமளவுக்கு அது ஒரு பெரிய பேச்சு இல்லை.

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினான். நாற்காலி ஆடியது. நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். விழுந்து தொலைத்தால் என் படமும் உடையுமே. படத்தைக் கழற்றித் தரையில் வைத்து, சப்பணம் போட்டு உட்கார்ந்து, முறுக்கின கம்பியைப் பிரித்தான். புரை விழுந்த கண், கம்பி முனை தெரியவில்லை, விரலால் தடவித் தடவிப் பிரித்தான். "கொண்டா" என்று நான் வாங்கப் போனேன். "நீ பிடி, அது போதும்" என்றான். சட்டத்தை நான் பிடித்துக்கொண்டேன். மறுபக்கம் ஆணியை அழுத்தி, கம்பியை இழுத்துக் கட்டினான். பேனாவை எடுத்துப் பின்னால் பெரிதாக ஓர் அம்புக்குறி போட்டான். திரும்ப ஏறி மாட்டினான்.

சிலந்தி கீழே பார்த்தது. துளிகள் தொங்கின. வலை அப்போதுதான் கனமாக ஆனது மாதிரி இருந்தது.

அதற்குள் ஏப்பம் விட்டுக்கொண்டு கார்மேகம் வந்துவிட்டார். படத்தைப் பார்த்ததும் அலறினார்.

"ஐயையோ! வாத்தியாரே, என்ன பண்ணிட்டீங்க, தலைகீழா இருக்கு!"

நான் எழுந்துவிட்டேன். இதற்காகத்தான் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். மேடையில் மைக் இருக்கிறது. நாலு எட்டு நடந்தால் போதும். பேராசிரியர் வந்துகொண்டிருக்கிறார், சங்கமே வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொருவனையும் பெயர் சொல்லி நிறுத்திக் கேட்கலாம், உன் வீட்டில் தண்ணீர் மேலேயா சொட்டும் என்று. அவன் என் கையைப் பிடித்தான். பிடித்துக்கொண்டே கார்மேகத்தைப் பார்த்துச் சொன்னான்.

"ஒண்ணுமில்ல கார்மேகம். கம்பி தளந்து படம் சுத்திக்கிச்சு போல. தூக்கி மாட்டின பசங்க கவனிக்கல. துளியைப் பாருங்க, இப்பதான் நேரா இருக்கு. இப்படியே கொடுத்து விட்ருங்க."

கார்மேகம் துளியைப் பார்த்தார். முகம் வெளிறியது. பிறகு தெளிந்தது. "கம்பிதானா... நல்லவேளை வாத்தியாரே. நல்லவேளை பாத்தீங்க. அப்ப இந்தத் தலைப்பு?"

"கிழிச்சிருங்க."

கிழித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பேராசிரியர் வந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போய் முன்வரிசையில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கம்பி தளர்ந்ததாம். சட்டம் போட்ட படம் தானே சுற்றுமா, சார்? அப்பட்டமான பொய். மைக் பக்கத்திலேயே இருந்தது. அவன் மாலையைக் கழற்றி வைத்தானே, அதே சங்கம், அதே ஆட்கள். பழையதைத் தீர்த்துக்கொள்ள அதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒருவனுக்குக் கிடைக்குமா? என்னையும் சேர்த்தே ஒரு பிடி பிடித்திருக்கலாம், பின்னால் இருக்கிற கறுப்பு என் குடை என்று. ஒன்றும் சொல்லவில்லை. மடையன். பிழைக்கத் தெரியாதவன்.

விழாவுக்குக்கூட நிற்கவில்லை. போகும்போது, "வலை எடுக்கறதை விட்டுட்டியாமே?" என்று கேட்டான். யார் சொன்னது இவனுக்கு? "ஆமாம்" என்றேன். "ம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அதற்கப்புறம் பேசினீர்களா என்கிறீர்கள். எதற்குப் பேச வேண்டும்? அவன் வீட்டில் இன்னும் ஃபிரிட்ஜ் இருக்கிறது.

பையை எடுங்கள், உங்கள் நிறுத்தம் வந்துவிட்டது. இறங்கும்போதாவது மெதுவாகக் காலை வையுங்கள். வாசலில் நீங்கள் பார்த்த அந்தச் சிலந்தியை எடுத்தவன் நான். அதைச் சரியாக உட்கார வைத்தவன் பெயரைக் கேட்கிறீர்கள். கார்மேகத்தைக் கேட்டால் கம்பி என்பார். என்னைக் கேட்டால் நடந்ததைச் சொல்வேன். இன்னாசிமுத்து.